தண்டச் சீட்டு தீர்ப்பாகாது

கொழும்பிலிருந்து வடக்கு நோக்கி வரும் புத்தளம் வீதி, மகா ஓயாவைக் கடந்தவுடன் எங்கள் மாவட்டத்துக்குள் பிரவேசித்து, வென்னப்புவ, மாரவில, சிலாபம் ஆகிய பட்டினங்களைத் தழுவிக்கொண்டு, தெதுறு ஓயாப் பாலத்தைத் தாண்டி, முந்தல், மதுரங்குளி, பாலாவி வழியாகப் புத்தளத்தை வந்தடைகின்றது; பாலாவியில் பிரிந்து கற்பிட்டிக்குச் செல்லும் கிளைவீதியோ, நுரைச்சோலை, ஆலங்குடா முதலிய ஊர்களின் தோட்டங்களை ஒட்டிக் குடாநாட்டின் நுனி வரையில் போகின்றது. உடப்பிலிருந்து மீன்பெட்டியை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு விடியுமுன் சிலாபத்துக்கு விரைகின்றவரும், கற்பிட்டி வெங்காயத்தையும் மிளகாயையும் லொறியில் ஏற்றித் தம்புள்ளைக்கு ஓட்டிச் செல்கின்றவரும், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றியிறக்கும் ஓட்டோக்காரரும் இவ்வீதிகளை நம்பியே ஜீவனம் நடத்துகின்றனர். "ட்ராபிக் பொலிஸ் மறித்தால் என்ன செய்வீர்கள்?" என்று இவர்களுள் எவரைக் கேட்டாலும் அநேகமாக ஒரே விடைதான் வரும். பிழை செய்திருந்தாலென்ன, செய்யாவிட்டாலென்ன, முதலில் கெஞ்சிப் பார்ப்பது. சரிவராவிட்டால் எதையாவது கையில் வைத்துவிட்டுப் போவது. அதுவும் சரிவராவிட்டால் தண்டத்தைக் கட்டித் தொலைப்பது.

இம்மூன்றுக்கும் அப்பால் இந்நாட்டுச் சட்டம் நியாயமான ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கின்றது. அவ்வழியில் நடப்பது சுலபம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் அப்படியொரு வழி இருப்பதையே அறியாமல் ஆயிரக்கணக்கான பிரஜைகள் செய்யாத குற்றத்துக்குப் பணம் கட்டிக்கொண்டிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

ஸ்தலத்திலேயே விதிக்கப்படும் தண்டப்பணம் என்பது, 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் பிற்காலத்துத் திருத்தம் ஒன்றினால் புகுந்த ஏற்பாடு. தலைக்கவசம் அணியாமை, ஆசனப்பட்டி கட்டாமை, சமிக்ஞையை மீறுதல் போன்ற சிறு குற்றங்களுக்காக ஒவ்வொருவரையும் நீதிமன்றத்துக்கு இழுத்தடிப்பது குடிமக்களுக்கும் சிரமம், நீதவானுக்கும் சிரமம் என்பதனால், அத்தகைய குற்றம் ஒன்று நிகழ்ந்திருக்கிறதென்று நியாயமான காரணத்தோடு நம்பும் பொலிஸ் உத்தியோகஸ்தர், சாரதியின் அனுமதிப்பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு, தண்டத் தொகை குறித்த சீட்டொன்றைக் கொடுத்தனுப்பலாம் என்று சட்டம் இடமளித்தது. அச்சீட்டு பதினான்கு நாட்களுக்குத் தற்காலிக அனுமதிப்பத்திரமாகவும் பயன்படும். அந்நாட்களுக்குள் தபாலகத்தில் பணத்தைச் செலுத்தி, பற்றுச்சீட்டைப் பொலிஸ் நிலையத்தில் காட்டினால் அனுமதிப்பத்திரம் திரும்பக் கிடைக்கும். பதினான்கு நாள் கடந்தால் தொகை இரட்டிப்பாகும். இருபத்தெட்டு நாளும் கடந்துவிட்டால் விஷயம் நீதிமன்றத்துக்குப் போகும். 2018ஆம் ஆண்டு ஜூலையில் இத்தண்டங்கள் பெருமளவு உயர்த்தப்பட்டபின், அன்றாடங்காய்ச்சி ஒருவருக்கு ஒரு சீட்டு என்பது ஒரு நாட் கூலியில் பெரும்பகுதி என்றாகிவிட்டது. மதுபோதையில் ஓட்டுதல், அனுமதிப்பத்திரமே இல்லாமல் ஓட்டுதல், காப்புறுதியின்றி ஓட்டுதல் போன்றவை இந்த வரிசையில் சேர்ந்தவையல்ல. அவற்றுக்கு நீதிமன்றமே கதி, தண்டமும் குறைந்தது 25,000 ரூபாய்.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வீதியோரத்தில் நின்று சீட்டெழுதும் உத்தியோகஸ்தர் நீதவானல்லர். அவர் எழுதுவது குற்றச்சாட்டு. அதை ஏற்றுப் பணம் கட்டுகின்றவர், விசாரணை வேண்டாம், குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் என்று தாமே சொல்லிவிடுகிறார். ஒப்புக்கொள்ளாதவர் பணம் கட்டாதிருக்கலாம். கட்டாதிருப்பது சட்டத்தை மீறுவதுமாகாது, அதிகாரியை அவமதிப்பதுமாகாது. அவர் செய்ய வேண்டியது, பொலிஸ் நிலையத்துக்குச் சென்று தாம் இக்குற்றச்சாட்டை மறுப்பதாகக் கூறி, எந்த நீதிமன்றத்தில், எந்தத் திகதியில் ஆஜராக வேண்டும் என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுவதுதான். புத்தளம், சிலாபம், மாரவில ஆகிய இடங்களிலெல்லாம் நீதவான் நீதிமன்றங்கள் உண்டு. தற்காலிக அனுமதியின் தவணை முடிந்தபின் அந்தச் சீட்டை நம்பி வாகனம் ஓட்டினால் அதுவே புதிய குற்றமாகிவிடும் என்பதை மட்டும் மறந்துவிடலாகாது.

பாஷையினால் உண்டாகும் சங்கடம் இம்மாவட்டத்தில் தனிப் பெரியது. 2012ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்படி ஏழரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழும் புத்தளம் மாவட்டத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கினர் முஸ்லிம்களும் தமிழருமாவர். 1990ஆம் ஆண்டில் வடக்கிலிருந்து துரத்தப்பட்டு உடுத்த உடையோடு வந்து இங்கே குடியேறியவர்களின் பிள்ளைகளும் இன்று இவ்வீதிகளில் வாகனம் ஓட்டுகின்றனர். இவர்களிற் பலர் சந்தைச் சிங்களம் நன்றாகப் பேசுவார்கள். ஆனால் கையெழுத்தில் அவசர அவசரமாக எழுதப்பட்ட சிங்கள வரியை வாசிக்க மாட்டார்கள். சீட்டில் அதிகாரி கையால் நிரப்பும் இடமெல்லாம் பெரும்பாலும் சிங்களத்திலேயே நிரம்புகின்றது. பக்கக் கண்ணாடி இல்லையென்று சொல்லி மறித்தவர் எழுதியதோ வேக எல்லையை மீறியது என்றிருந்தால், அதை அந்தச் சாரதி அறிவது தபாலகத்தில் தொகையைக் கேட்டுத் திடுக்கிடும்போதுதான்.

அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை, சிங்களம் நிர்வாக மொழியாயுள்ள பிரதேசத்திலும் எந்த உத்தியோகஸ்தரோடும் தமிழில் தொடர்புகொள்ளவும் அவரிடமிருந்து தமிழில் பதில் பெறவும் ஒருவருக்கு உரிமையளிக்கின்றது. ஆகையால், "சேர், நான் என்ன பிழை செய்தேன் என்று தமிழில் சொல்லுங்கள், தெரியாவிட்டால் தெரிந்தவர் ஒருவரைக் கொண்டு சொல்லுங்கள்" என்று கேட்பதில் எந்தத் திமிரும் இல்லை. பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலம் கொடுக்க நேர்ந்தால், விளங்காத மொழியில் எழுதிய எதிலும் கையொப்பமிடக் கூடாது. வாசித்து விளக்கும்படி கேட்க வேண்டும். மனம் தளர்ந்து, நேரம் போகிறதேயென்று கையொப்பமிட்டுவிட்டுப் பின்னால் வருந்தியவர்கள் நம் ஊர்களில் கொஞ்சமல்லர்.

இனி, மறுப்பது என்று தீர்மானித்தவருக்கு எது துணை? சாட்சியந்தான். கற்பிட்டி வீதியில் கடற்காற்று வாரியடிக்கும் மணல் விளிம்பை மூடிக் கிடப்பதையும், தெரு நடுவே வெள்ளைக் கோடு தேய்ந்து, பழைய தார் மேலே சாம்பல் நிறத்தில் கோடென்றும் கோடில்லையென்றும் சொல்ல முடியாதபடி மங்கிக் கிடப்பதையும், வேக எல்லைப் பலகையைப் பூவரசங் கிளை மறைத்து நிற்பதையும் பார்க்காதவர் யார்? அந்தக் கோட்டை மீறினாய் என்று சீட்டெழுதப்பட்டால், அன்றைக்கே, அதே வெளிச்சத்தில், அந்த இடத்தைக் கைப்பேசியால் படம்பிடித்து வைப்பது ஆயிரம் வாதங்களுக்குச் சமம். அடுத்த மாதம் புதிதாய்ச் சாயம் பூசிவிட்டால் படமெடுத்துப் பயனில்லை. வேகத்தைப் பற்றிய குற்றச்சாட்டானால், கருவி காட்டிய எண்ணைக் காட்டும்படி மரியாதையாகக் கேட்க வேண்டும். இடம், நேரம், அங்குள்ள வேக எல்லை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். உத்தியோகஸ்தரின் இலக்கத்தையும், நின்ற வாகனத்தின் இலக்கத்தையும், பக்கத்துக் கடைக்காரரோ பின்னால் வந்த நண்பரோ கண்டிருந்தால் அவரது பெயரையும் அன்று மாலையே ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வைக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து நீதிமன்றத்தில் நிற்கும்போது நினைவு துரோகம் செய்துவிடும், கொப்பி கைவிடாது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், குறித்த வேகமானி எப்போது பரிசோதிக்கப்பட்டது, குறித்த வீதியில் எல்லைப் பலகை எங்கே நாட்டப்பட்டிருக்கிறது என்பன போன்ற விவரங்களை எழுத்தில் கோரலாம். பதினான்கு வேலை நாட்களுக்குள் தகவல் உத்தியோகஸ்தர் தமது முடிவைச் சொல்ல வேண்டும்.

நீதிமன்றத்தில் குற்றச்சாட்டு வாசிக்கப்படும். "குற்றவாளியல்ல" என்று சொன்னால் விசாரணைக்குத் தவணை போடப்படும். அன்று சீட்டெழுதிய உத்தியோகஸ்தர் வந்து சத்தியப்பிரமாணம் செய்து சாட்சி சொல்ல வேண்டும். அவரைக் குறுக்கு விசாரணை செய்யலாம். நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றிக் குற்றத்தை நிரூபிக்கும் பாரம் வழக்குத் தொடுத்தவரையே சாரும். நீதிமன்ற மொழி தெரியாதவருக்கு அரசின் செலவில் மொழிபெயர்ப்பு வழங்க வேண்டும் என்பது 24ஆம் உறுப்புரையின் கட்டளை. வசதியற்றவர்கள் சட்டவுதவி ஆணைக்குழுவை நாடலாம். தீர்ப்புப் பாதகமானால் பதினான்கு நாட்களுக்குள் மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்யலாம்.

எல்லாம் சரி, ஆனால் ஆயிரம் ரூபாய்த் தண்டத்தை எதிர்க்கப் போய், ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாட் தொழிலை இழந்து, பஸ்ஸுக்கும் சட்டத்தரணிக்கும் பணம் செலவழித்து, கடைசியில் விடுதலை பெறுகின்றவருக்கு யார் நட்டஈடு கொடுப்பார்? ஒருவரும் கொடுக்கமாட்டார். இதனை அறிந்தே பலர் கட்டிவிட்டுப் போகிறார்கள். அவர்களைக் கோழைகளென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் அடுப்பெரிய வேண்டியவன் செய்யும் கணக்கு அது. ஆனால் ஒரு சந்தியில் ஒரே உத்தியோகஸ்தர் நாள்தோறும் அதே பொய்க் குற்றச்சாட்டை எழுதுவதாக ஊரார் அறிந்திருந்தால், ஒருவர் செலவைப் பத்துப் பேர் பகிர்ந்துகொண்டேனும் ஒரு வழக்கை இறுதிவரையில் நடத்திவிட வேண்டும். ஓட்டோச் சங்கங்களும் மீனவர் சங்கங்களும் இதைவிடப் பயனுள்ள காரியம் எதைச் செய்துவிடப் போகின்றன?

அனுமதிப்பத்திரத்தின் மடிப்புக்குள் ஐந்நூறு ரூபாயை வைத்து நீட்டுகின்ற வழக்கத்தைப் பற்றி ஒரு சொல். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின் முன் கொடுப்பவரும் வாங்குபவரும் குற்றவாளிகளே. கொடுத்தபின் அழுது பயனில்லை. கேட்கப்பட்டவர், கொடுப்பதற்கு முன்னரே 1954 என்னும் இலக்கத்தில் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கு அறிவித்தால், அவர்களே வந்து கையும் மெய்யுமாகப் பிடிக்கும் ஏற்பாடு உண்டு.

தவறான சீட்டு ஒரு தீமை. தகாத சொல்லும் ஓங்கிய கையும் அதனினும் பெருந்தீமை. 2021ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் பன்னிப்பிட்டியில், விபத்தொன்றின் பின்னர், போக்குவரத்துப் பொலிஸ் கொன்ஸ்டபிள் ஒருவர் லொறிச் சாரதி ஒருவரை நடுத்தெருவில் வீழ்த்தி அவர்மீது பாய்ந்து தாக்கிய காட்சியை யாரோ ஒருவர் கைப்பேசியில் பதிவு செய்தார். அது நாடெங்கும் பரவியது. கொன்ஸ்டபிள் பணியிலிருந்து இடைநிறுத்தப்பட்டுக் கைது செய்யப்பட்டார். அந்தப் பதிவு இல்லாதிருந்தால் அடிபட்டவரின் வார்த்தை எவ்வளவு தூரம் எடுபட்டிருக்கும் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம். சாரதி பாரதூரமான பிழை செய்திருந்தாலும் தண்டிக்கும் உரிமை பொலிஸாருக்கு இல்லை. அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை சித்திரவதையையும் கொடூரமான, இழிவான நடத்துகையையும் எவ்வித விதிவிலக்குமின்றித் தடைசெய்கின்றது. 13ஆம் உறுப்புரை, கைது செய்யப்படுபவருக்குக் காரணம் சொல்லப்பட வேண்டுமென்கின்றது. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டமோ சித்திரவதை செய்தவருக்குக் குறைந்தது ஏழாண்டுச் சிறைத்தண்டனையை விதித்திருக்கின்றது.

புத்தளக் கரையோரத்து மக்கள் இவ்விஷயத்தில் அஞ்சுவது அகாரணமானதன்று. 1976ஆம் ஆண்டு பெப்ரவரியில் புத்தளம் ஜும்ஆப் பள்ளிவாசலில் பொலிஸார் சுட்டதனால் உயிர்கள் பலியாயின. அக்கொடுமையைப் பாராளுமன்றத்தில் எடுத்துரைத்தவர் தந்தை செல்வநாயகம். 2012ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் திகதி, எரிபொருள் விலையுயர்வை எதிர்த்துச் சிலாபத்தில் திரண்ட கடற்றொழிலாளர்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் மீனவர் ஒருவர் மாண்டார். எங்கள் கடலுக்கு நேர் எதிரே, தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளத்தில், 2020ஆம் ஆண்டு ஜூனில், ஊரடங்கு நேரம் கடந்து கடை திறந்திருந்ததாகச் சொல்லித் தகப்பனையும் மகனையும் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய் அடித்து, இருவரும் இறந்துபோன சம்பவத்தையும் இங்கே அறியாதவரில்லை. அற்பக் குற்றச்சாட்டு எங்கே போய் முடியக்கூடும் என்பதற்கு அதைவிடக் கொடிய உதாரணம் வேண்டியதில்லை. அன்றிரவு கண்டதைக் கண்டபடி சொல்ல அதே நிலையத்துத் தலைமைக் காவலரான ஒரு பெண்மணி முன்வந்தார் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் வீதி விபத்துகளில் மடியும் இந்நாட்டில், வெயிலிலும் புகையிலும் நின்று கடமை செய்யும் நேர்மையான பொலிஸார் நமக்கு அத்தியாவசியம். அவர்களின் பெயரைக் கெடுப்பவர்களைப் பற்றியே இவ்வளவும் சொல்கிறேன்.

அடிபட்டவர் முதலில் செய்ய வேண்டியது அரசாங்க வைத்தியசாலைக்குப் போவது. காயம் சிறிதென்று வீட்டில் எண்ணெய் பூசிக்கொண்டு படுத்துவிடக் கூடாது. யார், எங்கே, எப்படி அடித்தார் என்பதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் எழுதும் குறிப்பே பின்னர் பெருஞ்சாட்சியாகும். பிறகு முறைப்பாடு. பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியிடமோ, அவரைப் பற்றியே முறைப்பாடானால் அவருக்கு மேலுள்ள அத்தியட்சகரிடமோ, தேசிய பொலிஸ் ஆணைக்குழுவிடமோ எழுத்தில் கொடுத்துப் பிரதியொன்றைக் கைவசம் வைத்துக்கொள்ள வேண்டும். அடிப்படை உரிமை மீறலுக்காக உயர் நீதிமன்றம் செல்ல 126ஆம் உறுப்புரை தரும் அவகாசம் ஒரே மாதம். அம்மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டுவிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் கூறுகின்றது. ஆணைக்குழுவின் தொலைபேசி இலக்கமும் அந்த ஆண்டே: 1996. "கோபம் ஆறட்டும், பெருநாள் கழியட்டும், திருவிழா முடியட்டும்" என்று நாளைக் கடத்தி இம்மாதத்தைத் தவறவிட்டவர்களுக்குப் பின்னால் எந்தச் சட்டத்தரணியாலும் அதிகம் செய்ய முடிவதில்லை.

இவ்வழியில் அபாயமே இல்லையென்று சொன்னால் அது பொய்யாகும். வத்தளைப் பொலிஸாரால் ஆள்மாறாட்டத்தில் பிடிக்கப்பட்டுச் சித்திரவதைக்குள்ளான சமையற்காரர் ஒருவருக்கு 2003ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் பெருந்தொகை நட்டஈடு அளித்தது. குற்றவியல் வழக்கில் நீர்கொழும்பு மேல் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வேண்டிய நாட்கள் நெருங்கியபோது, 2004 நவம்பரில், அவர் பஸ்ஸுக்குள்ளேயே சுடப்பட்டு மாண்டார். சாட்சிகளைப் பாதுகாக்கும் சட்டமொன்று 2015இல்தான் வந்தது; 2023இல் அது புதிய சட்டமாக மாற்றப்பட்டது; மிரட்டப்படுகின்றவர் இன்று அதன்கீழ்ப் பாதுகாப்புக் கேட்கலாம். நம்பிக்கைக்கும் இடமில்லாமலில்லை. முன்னாள் இராணுவ வீரர் ஒருவர் 2011ஆம் ஆண்டில் தாக்கல் செய்த சித்திரவதை மனுவுக்கு 2023 டிசம்பர் 14ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, அப்போது பதில் பொலிஸ் மா அதிபராயிருந்த தேசபந்து தென்னக்கோன் உரிமையை மீறினார் என்று கண்டு, அவர் தமது சொந்தப் பணத்திலிருந்து ஐந்து இலட்சம் ரூபாய் கொடுக்கும்படி கட்டளையிட்டது. பன்னிரண்டு ஆண்டுக் காத்திருப்பு அது. அவ்வளவு காலம் தம் கடதாசிகளைப் பத்திரமாக வைத்திருந்த அந்த மனிதரின் உறுதியை நான் மனமார வணங்குகின்றேன்.

2025ஆம் ஆண்டிலிருந்து, கவ்பே என்னும் அரச ஏற்பாட்டின் மூலம் தண்டப்பணத்தைக் கைப்பேசியிலேயே செலுத்தும் முறையைக் குருநாகல் – அநுராதபுரம் வீதியில் முதலிற் பரீட்சித்து, பின்னர் வேறிடங்களுக்கும் விரித்து வருகின்றனர். தபாலகத்துக்கு அலைய வேண்டியதில்லை; அனுமதிப்பத்திரத்துக்காக மறுபடி வர வேண்டியதில்லை; நோட்டு கைமாறவும் இடம் குறைகின்றது. வரவேற்க வேண்டிய சீர்திருத்தந்தான். ஆயினும் கட்டுகின்றவருக்கு வழியை இவ்வளவு செம்மைப்படுத்திய அரசு, மறுக்கின்றவருக்கு ஒன்றும் செய்யவில்லை. கட்டுவதற்கு ஒரு பொத்தான் இருப்பதுபோல் மறுப்பதற்கும் ஒன்று வேண்டும். அதை அழுத்தியவருக்கு நீதிமன்றத்தின் பெயரும் திகதியும் அவருடைய மொழியிலேயே அப்போதே வந்துசேர வேண்டும். தீர்ப்பு வரும்வரையில் தற்காலிக அனுமதி தானாகவே நீள வேண்டும். புத்தளம், கற்பிட்டி, முந்தல் பகுதிகளின் வீதிக் கடமைக்குத் தமிழ் எழுத வாசிக்கத் தெரிந்தவர்களை முறைக்கு ஒருவராவது அனுப்ப வேண்டும் என்று பிரதேச சபைகளும் பள்ளிவாசல், கோயில், தேவாலய நிர்வாகங்களும் ஒன்றுசேர்ந்து பொலிஸ் அத்தியட்சகரிடமும் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவிடமும் எழுத்தில் கேட்பதற்கு இன்னும் காலம் கடந்துவிடவில்லை.